மணி ஓசை கேளாத வேளை: எட்டாத கருவிக்குக் கட்டளை அனுப்பிய வரலாறு

திருப்பதியிலிருந்து சித்தூர் செல்லும் நெடுஞ்சாலையில் சில கல் தொலைவில் சந்திரகிரிக் கோட்டை இருக்கின்றது. விஜயநகரப் பேரரசின் இறுதிக்காலத்து அரவீடு மரபு மன்னர்கள் வீற்றிருந்த இடம் அது. அங்கே வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி ஒன்றுண்டு. திருமலையில் வேங்கடவனுக்கு நைவேத்தியம் ஆனபின்னரே சந்திரகிரி மன்னர் உணவு கொள்வார். அதற்காக மலையிலிருந்து கோட்டை வரை இடையிடையே மணிகள் கட்டப்பட்டிருந்தன. கோயில் மணி ஒலித்ததும் அடுத்த மணி, அதைக் கேட்டு அதற்கடுத்த மணி என்று ஓசை கைமாறிக் கோட்டைக்கு வந்து சேரும் என்பர். திருச்செந்தூர்ப் பூசை மணி பாஞ்சாலங்குறிச்சிக்கு எட்டியதாகக் கட்டபொம்மனைப் பற்றித் தென்பாண்டி நாட்டில் வழங்கும் கதையும் இதே வார்ப்புதான்.

இச்செவிவழிச் செய்தியை வரலாற்றுச் சான்றாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் இதற்குள் ஒரு பொறியியல் கேள்வி ஒளிந்திருக்கின்றது. ஒருநாள் மணி ஓசை கேட்கவில்லை என்று கொள்வோம். மன்னர் அதை எப்படிப் பொருள் கொள்வார்? பூசை தாமதமா? இடையிலுள்ள மணியின் நாக்கு கழன்றதா? காவலன் உறங்கிப்போனானா? மூன்றுக்கும் கோட்டையில் கிடைக்கும் செய்தி ஒன்றே: மௌனம். மணிவரிசை அறுந்தது என்ற செய்தியை அறுந்த மணிவரிசையின் வழியே அனுப்ப இயலாது. அதை அறியக் குதிரையில் ஆள் போக வேண்டும்.

இன்று அதே நெடுஞ்சாலையோரம் ஓர் அலுவலகத்தில் அமர்ந்து, மும்பையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் சர்வர் ஒன்றின் நெட்வொர்க் அமைப்பை மாற்ற முற்படும் பொறியாளர் எதிர்கொள்வதும் இந்தக் கேள்வியைத்தான். சர்வரின் முகவரியை மாற்றுமாறு அவர் இடும் கட்டளை, மாற்றப்படவிருக்கும் அந்த முகவரியின் வழியாகவே செல்கின்றது. ஓர் எண் பிழையானால் திரை அப்படியே உறைந்துவிடும். பிழை என்று சொல்லும் செய்திகூடத் திரும்பி வராது. அது வருவதற்கான பாதையே போய்விட்டது. அமர்ந்திருக்கும் கிளையை அடியில் வெட்டிய காளிதாசன் கதை இத்தொழிலில் நாள்தோறும் நிகழக்கூடியது.

கட்டளை செல்லும் பாதையையே மாற்றும் கட்டளையை எப்படிப் பாதுகாப்பாக அனுப்புவது என்னும் இவ்வினாவுக்குக் கிடைத்த விடைகளுள் பல விண்வெளியில் கற்கப்பட்டவை. ஏனெனில் குதிரையில் ஆளை அனுப்பவே முடியாத இடம் அதுவே. அவ்வரலாற்றின் ஒரு பகுதி இன்றைய திருப்பதி மாவட்டத்துக்குள்ளேயே நடந்திருக்கின்றது.

1. புலிக்காட்டு ஏரிக்கு அப்பால்

புலிக்காட்டு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடைப்பட்ட ஸ்ரீஹரிகோட்டாத் தீவு ஏவுதளத்துக்காகத் தெரிவு செய்யப்பட்டது 1969இல். 1971 அக்டோபர் 9 அன்று ரோகிணி-125 என்னும் சிறு ஆய்வு ராக்கெட் அங்கிருந்து எழும்பியது. நெடுங்காலம் நெல்லூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இத்தீவு, 2022 ஏப்ரல் 4 அன்று பழைய சித்தூர், நெல்லூர் மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு திருப்பதி மாவட்டம் அமைக்கப்பட்டபோது அதனுள் வந்தது. சந்திரகிரியும் அந்நாளில்தான் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து அதே புதிய மாவட்டத்தில் சேர்ந்தது.

ஸ்ரீஹரிகோட்டா என்றதும் ராக்கெட்டே நினைவுக்கு வரும். ஆயினும் இந்தியா தன் மண்ணிலிருந்து ராக்கெட் மூலம் செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைப்பதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, எட்டாத கருவி ஒன்றோடு பேசும் கலையை இத்தீவு பயின்றுவிட்டது. 1975 ஏப்ரல் 19 அன்று சோவியத் நாட்டின் கபூஸ்தின் யார் தளத்திலிருந்து ஏறத்தாழ 360 கிலோ எடையுள்ள ஆரியபட்டா ஏவப்பட்டது. அதன் குறிப்புகளைப் பெற்ற தரைநிலையங்களுள் ஒன்று ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்தது. சில நாள்களிலேயே ஆய்வுக் கருவிகளுக்கான மின்வழங்கலில் கோளாறு ஏற்பட்டு, ஆய்வுகள் நின்றுபோயின. செயற்கைக்கோள் மட்டும் தொடர்ந்து சுற்றிக்கொண்டிருந்தது.

தரையில் இருந்திருந்தால் மூடியைத் திறந்து கம்பியை மாற்றியிருக்கலாம். மேலே அனுப்பியபின் அனுப்பக்கூடியது கட்டளை ஒன்றே. அக்கட்டளை போய்ச்சேர ஆன்டெனா சரியான திசையை நோக்க வேண்டும், ஏற்பி இயங்க வேண்டும், மின்சாரம் வேண்டும். இம்மூன்றில் ஒன்றைக் கெடுக்கும் கட்டளையே கடைசிக் கட்டளை ஆகிவிடும்.

2. மறதியும் கடிகாரமும்: 1978

அமெரிக்காவின் வாயேஜர்-2 விண்கலம் 1977 ஆகஸ்ட் 20 அன்று புறப்பட்டது. அதை வடிவமைத்தோர் மௌனம் குறித்து முன்கூட்டியே சிந்தித்திருந்தனர். பூமியிலிருந்து குறிப்பிட்ட காலம் வரை எந்தக் கட்டளையும் வரவில்லையெனில், ‘என் ஏற்பியில் கோளாறு’ என்று கலம் தானே முடிவு செய்து மாற்று ஏற்பிக்கு மாறிக்கொள்ள வேண்டும். இதற்கென உள்ளே ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு கட்டளையும் வந்து சேரும்போது அது மீண்டும் தொடக்கத்துக்குத் திரும்பும்.

1978 ஏப்ரல் தொடக்கத்தில் தரைக் கட்டுப்பாட்டினரின் கவனம் வாயேஜர்-1இன் சிக்கலில் ஆழ்ந்திருந்தது. வாயேஜர்-2க்கு ஒரு வாரமாகக் கட்டளை எதையும் அனுப்பாமல் விட்டுவிட்டனர். ஏப்ரல் 5 அன்று கடிகாரம் முடிந்தது. கலம் தனக்கு விதிக்கப்பட்டபடி மாற்று ஏற்பிக்கு மாறியது. அந்த மாற்று ஏற்பியிலோ, அலைவரிசை சிறிது நகர்ந்தால் அதைப் பின்தொடரும் பகுதி பழுதாகியிருந்தது. தரையிலிருந்து அனுப்பிய எதுவும் அதன் செவியில் விழவில்லை.

இங்கே இரண்டாவது விதி ஒன்று கைகொடுத்தது. மாற்று ஏற்பியிலும் 12 மணி நேரம் எதுவும் வரவில்லையெனில் முதல் ஏற்பிக்கே திரும்ப வேண்டும் என்பது அவ்விதி. கலம் திரும்பியது, தொடர்பு கிடைத்தது. ஆனால் சுமார் அரை மணி நேரத்தில் முதல் ஏற்பி நிரந்தரமாகச் செயலிழந்தது. மறுபடி ஒரு வாரம் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஏப்ரல் 13 அன்று கலம் இரண்டாம் முறையாக மாற்று ஏற்பிக்கு மாறியது. பழுதான ஏற்பி அந்நேரத்தில் எந்த அலைவரிசையைக் கேட்டுக்கொண்டிருக்கும் என்று கணித்து, அதற்கேற்பத் தரையிலிருந்து அலைவரிசையை நகர்த்தி அனுப்பினர். கட்டளை சென்று சேர்ந்தது. வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் ஆகிய நான்கு கோள்களையும் வாயேஜர்-2 கடந்து சென்றது அந்தப் பழுதான ஒற்றைச் செவியோடுதான்.

இந்நிகழ்வு இரண்டு பாடங்களை ஒருங்கே தருகின்றது. மௌனத்துக்குப் பொருள் எழுதிவைத்ததால் கலம் பிழைத்தது. அதே விதி, மனிதரின் மறதியைக் கருவியின் கோளாறு என்று தவறாகப் படித்து, தேவையற்ற நேரத்தில் மாற்றத்தைத் தொடங்கியும் வைத்தது. விதி மட்டும் போதாது. விதி இருக்கின்றது என்பதைத் தரையில் இருப்போர் நினைவில் வைத்திருக்கவும் வேண்டும்.

3. மேலெழுதப்பட்ட நினைவகம்: 1982, 2006

வைக்கிங்-1 1976 ஜூலை 20 அன்று செவ்வாயில் தரையிறங்கியது. 90 நாள் பணிக்கென வடிவமைக்கப்பட்ட அது ஆறு ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது. மின்கலங்கள் முதுமை எய்தியதால், அவற்றை மின்னேற்றும் முறையைச் சீர்செய்ய 1982 நவம்பரில் புதிய மென்பொருள் அனுப்பப்பட்டது. நோக்கம் நல்லது, கருவியின் ஆயுளை நீட்டிப்பது. ஆனால் அது, ஆன்டெனா பூமியை நோக்கித் திரும்புவதற்கான தரவுகள் இருந்த நினைவகப் பகுதியின்மேல் எழுதப்பட்டுவிட்டது. பூமி எங்கே என்பது வைக்கிங்குக்கு மறந்துபோயிற்று. அதன்பின் மாதக்கணக்கில் அழைத்தும் மறுமொழி இல்லை.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்று: அன்று மாற்ற நினைத்தது மின்கல அமைப்பை, தொடர்பு அமைப்பை அன்று. பாதையைத் தொடாத மாற்றம் என்று எண்ணியதே பாதையை அழித்தது.

ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்குப்பின் இதே பிழை வேறு வடிவில் திரும்பியது. 1996இல் ஏவப்பட்ட மார்ஸ் குளோபல் சர்வேயர் விண்கலத்தின் இரு கணினிகளிடையே சில அளவுகள் ஒத்துப்போகவில்லை. அதைச் சரிசெய்ய 2006 ஜூனில் அனுப்பிய கட்டளை நினைவகத்தின் தவறான முகவரிகளில் எழுதப்பட்டது. சூரியத் தகடு எதுவரை திரும்பலாம் என்னும் எல்லையும், முதன்மை ஆன்டெனா எத்திசை நோக்க வேண்டும் என்னும் அளவும் சிதைந்தன. உடனே எதுவும் நடக்கவில்லை. ஐந்து மாதங்கள் எல்லாம் சரியாகவே தோன்றின. நவம்பர் 2 அன்று வழக்கமான கட்டளை ஒன்றுக்குத் தகடு திரும்பியபோது முதல் பிழை விழித்துக்கொண்டது. தகடு சிக்கிக்கொண்டதாகக் கருதிய கலம் தன் நிலையை மாற்றிக்கொண்டது. அந்நிலையில் மின்கலம் ஒன்று நேர் வெயிலில் சூடேறியது. இரண்டாவது பிழையோ, கலம் தன் துன்பத்தைப் பூமிக்குச் சொல்லவிடாமல் ஆன்டெனாவைத் திசை தவறச் செய்தது. சில மணி நேரத்தில் மின்சாரம் தீர்ந்தது.

சர்வர்களோடு பழகியோர் இவ்விரண்டையும் உடனே அடையாளம் காண்பர். இயங்கிக்கொண்டிருக்கும் அமைப்பு ஒன்று. வட்டில் எழுதிவைத்த அமைப்பு மற்றொன்று. எழுதிவைத்ததில் பிழை இருந்தாலும் இயந்திரம் மாதக்கணக்கில் நன்றாகவே ஓடும். என்றோ ஒருநாள் மின்தடைக்குப்பின் மீண்டும் எழும்போதுதான் பழைய பிழை உயிர்பெறும். அதை எழுதியவர் அதற்குள் வேறு வேலைக்குப் போயிருப்பார்.

4. மங்கள்யானின் ஆன்டெனா மாற்றம்: 2013–2014

2013 நவம்பர் 5 பிற்பகலில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து மங்கள்யான் புறப்பட்டது. கட்டளைகள் பெங்களூரிலிருந்து, பேசும் செவி பெங்களூரை அடுத்த பயலாலுவிலுள்ள 32 மீட்டர் ஆன்டெனா. முன் சொன்ன பாடங்கள் எல்லாம் இப்பயணத்தில் முறையாகக் கையாளப்பட்டதைக் காணலாம்.

கலத்தை நேரே செவ்வாய்க்கு எறியவில்லை. பூமியைச் சுற்றவைத்து, பாதையைப் படிப்படியாக உயர்த்தினர். நவம்பர் 11 அன்று நான்காவது உயர்த்தலின்போது, எரிபொருள் வால்வின் முதன்மைச் சுருளையும் மாற்றுச் சுருளையும் ஒருசேர இயக்கிப் பார்த்தனர். எரிபொருள் ஓட்டம் நின்றுவிட்டது. ஆனால் அப்படி நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது கலத்துக்குள் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது; சிறிய உந்திகளைக்கொண்டு அது பணியைத் தொடர்ந்தது. ஏறத்தாழ ஒரு லட்சம் கிலோமீட்டர் சேய்மையை எட்டியிருக்க வேண்டிய பாதை 78,276 கிலோமீட்டரில் நின்றது. மறுநாள் கூடுதல் உந்தல் ஒன்றால் குறை நிரப்பப்பட்டது. இரு சுருள்களையும் ஒன்றாக இயக்கலாகாது, தனித்தனியே இயக்கலாம் என்பது, செவ்வாயில் அறிந்திருந்தால் பேரிழப்பாகியிருக்கக்கூடிய உண்மை. பூமிக்கு அருகிலேயே தெரிந்துகொள்ளப்பட்டது. பிழை நேர்ந்தால் திருத்த இயலும் இடத்திலேயே பிழைக்கு வாய்ப்பளித்துப் பார்ப்பது என்னும் நெறி இது.

அடுத்த சோதனை 2014 செப்டம்பர் 24. பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையே சுமார் 22 கோடி கிலோமீட்டர்; வானொலி அலை ஒருவழி செல்லவே 12 நிமிடங்களுக்கு மேலாகும். கலத்தின் வேகத்தைக் குறைக்க எஞ்சினை எரிக்க வேண்டிய நேரமோ ஏறத்தாழ 23 நிமிடம். பிழையைக் கண்டு திருத்தச் சொல்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். மேலும், எஞ்சினை உரிய திசையில் திருப்பும்போது 2.2 மீட்டர் விட்டமுள்ள முதன்மை ஆன்டெனா பூமியைப் பார்க்காது. போதாக்குறைக்குக் கலம் செவ்வாயின் பின்னே மறையவும் இருந்தது.

ஆகவே கட்டளைத் தொகுப்பு முழுவதும் பத்து நாள் முன்பே ஏற்றப்பட்டு, சரியாக ஏறியதா என்று திரும்பப் படித்துச் சரிபார்க்கப்பட்டது. ஏறத்தாழ 300 நாள் உறங்கிய எஞ்சினைச் செப்டம்பர் 22 அன்று நான்கு விநாடி மட்டும் எரித்துப் பார்த்தனர். அது இயங்காமற்போனால் எட்டுச் சிறு உந்திகளைக்கொண்டு முயலும் மாற்றுத் திட்டமும் தயாராக இருந்தது.

24ஆம் நாள் அதிகாலை 4 மணி 17 நிமிடத்துக்குக் கலம் நடுத்தர ஆன்டெனாவுக்கு மாறியது. இன்றைய சொல்லில் கூறினால், தன் நெட்வொர்க் அமைப்பை அதுவே மாற்றிக்கொண்டது. பின்னர் திரும்பியது, 7 மணி 17 நிமிடத்துக்கு எஞ்சின் எரியத் தொடங்கியது, செவ்வாயின் மறைவில் செய்தி அறுந்தது. எரிதல் முடிந்ததும் பூமியை நோக்கி மறுபடி திரும்ப வேண்டும் என்னும் கட்டளை, பூமியிலிருந்து வரவேண்டியதாக இருக்கவில்லை. அது முதற்கட்டளையோடு ஒரே தொகுப்பில் உள்ளேயே இருந்தது. போவதற்கான ஆணையும் திரும்புவதற்கான ஆணையும் ஒரே ஓலையில் எழுதப்பட்டிருந்தன. எட்டு மணி அளவில் பெங்களூரில் எழுந்த கைதட்டலை நாடு முழுவதும் தொலைக்காட்சியில் கண்டது.

5. பத்து நிமிடத் தவணை

தரையில் இருக்கும் ரூட்டர்களிலும் சர்வர்களிலும் இதே அறிவு எளிய வடிவம் பெற்றது. ஜூனிப்பர் ரூட்டர்களில், மாற்றத்தை நடைமுறைக்குக் கொண்டுவரும் கட்டளைக்கு ‘கமிட்’ என்று பெயர். அதன் ஒரு வகை ‘கமிட் கன்ஃபர்ம்ட்’. மாற்றம் உடனே நடப்புக்கு வரும், ஆனால் தவணையோடு. பொறியாளர் பத்து நிமிடத்துக்குள் மீண்டும் உறுதி செய்யாவிடில் ரூட்டர் தானே பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும். உறுதி செய்ய முடிகின்றது என்பதே பாதை உயிரோடிருப்பதற்குச் சான்று. உறுதி வரவில்லையெனில், பொறியாளர் பாதையை இழந்து தவிக்கின்றார் என்று ரூட்டர் பொருள் கொள்கின்றது.

சிஸ்கோ ரூட்டர்களில் பழைய தலைமுறையினர் வேறு வழி கையாண்டனர். ‘இன்னும் பத்து நிமிடத்தில் மறுதொடக்கம் செய்’ என்று முதலில் ஆணையிடுவர். பிறகு மாற்றத்தைச் செய்வர், ஆனால் சேமிக்கமாட்டார்கள். எல்லாம் சரியாக இருந்தால் மறுதொடக்க ஆணையை ரத்து செய்து, பின்னர் சேமிப்பர். தொடர்பு போனால் கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருப்பர். ரூட்டர் தானே அணைந்து எழுந்து, சேமித்துவைத்த பழைய அமைப்போடு திரும்பும். உபுண்டு சர்வர்களில் ‘நெட்பிளான் ட்ரை’ என்னும் கட்டளை இதையே செய்கின்றது. அதன் இயல்பான தவணை 120 விநாடி.

இவற்றோடு தொழில்மரபில் வேறு சில வழக்கங்களும் சேர்ந்தன. மாற்றத்துக்குமுன் பழைய அமைப்பை நகலெடுத்து வைத்தல். ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பை மூடாமல், புதிய இணைப்பு ஒன்றைத் திறந்து பார்த்து உறுதி செய்தல். ஏனெனில் பழைய இணைப்பு தொடர்ந்து இயங்குவது, புதிதாக வருபவருக்கும் கதவு திறந்திருக்கின்றது என்பதற்குச் சான்றாகாது. ஃபயர்வாலில் அனைத்தையும் மறுக்கும் விதியைப் போடுமுன் தன்னை அனுமதிக்கும் விதியைப் போடுதல். அனைத்துக்கும் மேலாக, முதன்மைப் பாதையைச் சாராத தனிவழி ஒன்றை வைத்திருத்தல். முற்காலத்தில் அது ரூட்டரின் கட்டுப்பாட்டு வாயிலோடு இணைத்த தொலைபேசி மோடம். இன்று சர்வரின் தாய்ப்பலகையில் தனி முகவரியோடு இயங்கும் மேலாண்மைக் கருவி. மணிவரிசைக்குப் பக்கத்தில் கட்டிவைத்த குதிரை என்று அதைச் சொல்லலாம்.

6. அனைவரும் ஒருசேர விலகிய நாள்: 2021

எழுதிவைத்த விதி தவறான திசையில் இருந்தால் என்ன நேரும் என்பதை உலகம் 2021 அக்டோபர் 4 அன்று கண்டது. ஃபேஸ்புக் நிறுவனத்தின் தரவு மையங்களை உலகளவில் இணைக்கும் முதுகெலும்பு வலையமைப்பின் கொள்ளளவை அறிவதற்காக, வழக்கமான பராமரிப்பின்போது ஒரு கட்டளை இடப்பட்டது. அக்கட்டளை அந்த இணைப்புகள் அனைத்தையும் துண்டித்தது. இத்தகைய கட்டளைகளைத் தடுக்கவென்றே சோதனைக் கருவி ஒன்று இருந்தது. அதிலிருந்த பிழையால் அது தடுக்கவில்லை.

அடுத்து நடந்ததே நம் பொருளுக்கு முதன்மையானது. அந்நிறுவனத்தின் பெயர் சர்வர்களுக்கு ஒரு விதி எழுதப்பட்டிருந்தது: ‘தரவு மையத்தை எட்ட முடியவில்லையெனில் உன் இணைப்பில் கோளாறு என்று கொள், இணையத்துக்கு உன் இருப்பை அறிவிப்பதை நிறுத்திக்கொள்.’ ஒரு சர்வர் மட்டும் கெட்டுப்போகும் நாளில் இது மிக நல்ல விதி. வருவோர் நலமாயிருக்கும் வேறு சர்வருக்குப் போய்விடுவர். அன்றோ எல்லாச் சர்வர்களும் ஒரே நேரத்தில் மௌனத்தைக் கேட்டன. எல்லாமே தம்மைக் குற்றவாளியாகக் கருதி விலகிக்கொண்டன. ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் உலகெங்கும் மறைந்தன. பழுது பார்க்கும் உட்கருவிகளும் அதே வலையமைப்பைச் சார்ந்திருந்தமையால் அவையும் இயங்கவில்லை, தனிவழியும் கிடைக்கவில்லை. பொறியாளர்கள் நேரில் தரவு மையங்களுக்குச் செல்ல வேண்டியதாயிற்று. அங்கோ, அந்நியர் நுழையாதபடி வைத்த கடும் பாதுகாப்பு அவர்களையும் தாமதப்படுத்தியது. கடைசியில் குதிரையில் ஆள் போகத்தான் வேண்டியிருந்தது.

மௌனத்துக்குப் பொருள் எழுதுவது மட்டும் போதாது. என்ன பொருள் எழுதுகின்றோம் என்பது முதன்மையானது என்பதை இந்நாள் காட்டியது. ‘விலகிக்கொள்’ என்பது ஒரு பொருள். ‘கடைசியாகச் சரியாக இருந்த நிலைக்குத் திரும்பு’ என்பது மற்றொன்று. மையமே மறைந்த அந்நாளில் முதலாவது பொருள், மீட்க வருவோரின் பாதையையும் சேர்த்தே மூடியது.

7. இரண்டு பாகை

2022 ஏப்ரலில் மங்கள்யானின் குரல் நின்றது. நெடுநேரக் கிரகண நிழல் ஒன்றுக்குப்பின் தொடர்பு அறுந்ததாகவும், எரிபொருள் தீர்ந்திருக்கலாம், அதனால் மின்னாக்கத்துக்கு வேண்டிய திசையில் கலத்தால் திரும்ப இயலவில்லை என்றும் இஸ்ரோ அவ்வாண்டு அக்டோபரில் அறிவித்தது. ஆறு மாதப் பணிக்கென எண்ணப்பட்ட கருவி ஏறத்தாழ எட்டு ஆண்டு செவ்வாயைச் சுற்றியிருந்தது. திரும்பும் விதி எத்துணை நன்றாக எழுதப்பட்டிருந்தாலும், திரும்புவதற்கான ஆற்றல் இருக்கும்வரையே அது பயன்படும்.

மறு ஆண்டு, 1978இன் மறதியிலிருந்து மீண்ட அதே வாயேஜர்-2 மறுபடியும் செய்தியில் இடம்பெற்றது. 2023 ஜூலை 21 அன்று அனுப்பிய கட்டளைத் தொடர் ஒன்றின் பிழையால் அதன் ஆன்டெனா பூமியிலிருந்து இரண்டு பாகை விலகிவிட்டது. கலம் இருந்ததோ சுமார் 1,990 கோடி கிலோமீட்டர் தொலைவில். அவ்வளவு தூரத்தில் இரண்டு பாகை என்பது முற்றிலும் வேறு திசை.

ஆயினும் பொறியாளர்கள் நம்பிக்கை இழக்கவில்லை. அக்டோபர் 15 என்று ஒரு நாள் ஏற்கெனவே குறிக்கப்பட்டிருந்தது. ஆண்டுக்குச் சில முறை, யாரும் சொல்லாமலேயே, கலம் தன் திசையைத் தானே சரிபார்த்துப் பூமியை நோக்கித் திரும்பும்படி அதனுள் எழுதப்பட்டிருந்தது. எதுவும் செய்யாமல் காத்திருந்தாலும் அந்நாளில் தொடர்பு மீளக்கூடும். அந்தத் துணிவோடு மற்றொன்றையும் முயன்றனர். ஆஸ்திரேலியாவின் கான்பெராவிலுள்ள பேராண்டெனாவிலிருந்து மிகுந்த ஆற்றலோடு, திரும்பு என்று ஒரு கட்டளையைக் கூவி அனுப்பினர். அது சென்று சேர 18 மணி நேரத்துக்கு மேல். விளைவை அறிய மொத்தம் 37 மணி நேரம். ஆகஸ்ட் 4 அன்று வாயேஜர்-2 மறுமொழி தந்தது.

பத்து நிமிடத் தவணையும் அக்டோபர் 15 என்னும் நாளும் அளவில் வேறு, இயல்பில் ஒன்றே. கட்டளை இடுபவர் தவறிழைக்கக்கூடும், தவறிழைத்தபின் அதைச் சொல்ல வழியற்றுப்போகக்கூடும் என்பதை அவர் தவறிழைக்குமுன்னரே ஒப்புக்கொண்ட ஏற்பாடுகள் அவை. நாற்பதாண்டு அனுபவமுள்ளோர் பணிபுரியும் கூடத்திலும் இரண்டு பாகை பிழைக்கின்றது. அலுவலகத்தில் தனியே அமர்ந்து நள்ளிரவில் மருத்துவமனைக்கோ வங்கிக்கோ உரிய சர்வரின் முகவரியை மாற்றும் இளம் பொறியாளருக்குப் பிழையே நேராது என்று யாரும் சொல்ல இயலாது. அவர் செய்யக்கூடியது, கட்டளையை இடுமுன் கடிகாரத்தை முடுக்கிவைப்பதே.

சந்திரகிரி மன்னரின் கதை உண்மையாயின், மணி கேளாத நாளில் எவ்வளவு நேரம் காத்திருப்பது, பிறகு என்ன செய்வது என்று கோட்டையில் யாரேனும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். அந்த முடிவைக் கதை சொல்வோர் நினைவில் வைக்கவில்லை. மணி ஒலித்த நாள்களே கதைகளில் தங்குகின்றன. ஒலிக்காத நாளுக்கென எழுதிய விதியை அது தேவைப்படும் நாள் வரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.